நறுக்கட்டா மாஸ்டர்

நீங்க சன்னல் பக்கமே இருந்துக்கிடுங்க தம்பி. எனக்கு வெளிய பாக்கதுக்கு ஒண்ணுமில்லை. மதுரைக்குத்தான? நானும் மதுரைதான். மக வீடு.

இப்ப பஸ் நகரும்போது பழக்கடைப் பக்கம் நின்ன ஒருத்தன் என்னைப் பாத்து ஒரு பேரு சொல்லிக் கத்தினாம்லா, காதுல விழுந்துதா? விழுந்திருக்கும். உதட்டைக் கடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பினியளே, நான் பாத்தேன். பரவாயில்லை. புதுசாக் கேக்கிறவன் எவனும் சிரிக்கத்தான் செய்வான்.

எம்பேரு ஜூலியான் மோத்தா. ஞானஸ்நானத்துல வச்ச பேரு. ஆனா தூத்துக்குடியில போயி ஜூலியான் மோத்தா வீடு எதுன்னு கேட்டியன்னா ஒருத்தனும் சொல்ல மாட்டான். நறுக்கட்டா மாஸ்டர் வீடு எதுன்னு கேளுங்க, கைக்குழந்தைகூடக் கையைக் காட்டும். கறிக்கடைக்காரன்னு நினைச்சியளா? எல்லாரும் அப்பிடித்தான் நினைக்காவ. நான் வாத்தியாரு தம்பி. மொழி வாத்தியாரு. கிரீக்கு சொல்லிக் குடுத்தவன். தமிழ்நாட்டுல அன்னிக்குத் தேதியில வேற எவன் இருந்தான்? சொல்லுங்க பாப்போம். ஒருத்தன் கிடையாது.

ஊரு ஒண்ணு சொல்லும். நடந்தது வேற. முழுசாக் கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க. வெளியூர்க்காரரு, உங்களுக்கு ஒருபக்கமாப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

கல்யாணம் முடிஞ்ச புதுசுல நான் கப்பல்ல மெஸ்மேன். மெஸ்மேன்னா ஆபீசர்மாருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறது, தட்டு கழுவுதது. கிரீஸ்காரன் கப்பல். ஏதென்சுக்குப் பக்கத்துல பிரேயஸ்னு ஒரு துறைமுகம், அங்க போயி நின்ன கப்பல் நின்னதுதான். முதலாளிக்கும் பேங்குக்கும் தகராறு, கோர்ட்டுல இருந்து வந்து கப்பல்மேல தாளை ஒட்டிட்டானுவ. பெரிய ஆபீசர்மாரெல்லாம் இறங்கிப் போயாச்சு. காவலுக்குன்னு எங்களை ஒரு அஞ்சாறு பேரை விட்டுட்டுப் போயிட்டாவ. அந்தக் குளிர்காலம் முழுக்க தினமும் காலையில கரைக்குப் போயி ரொட்டி வாங்கிட்டு வாரது என் பொறுப்பு. என்னைத்தான் அனுப்புவானுவ. எவனும் போகமாட்டேன்னுட்டானுவன்னு ஊருல சொல்லுவாவ, நம்பாதிய. அந்தக் குளிருல வெளிநாட்டுக் கடையில போயி நின்னு பேசணும்னா அதுக்கு ஒரு ஆளு வேணும்லா?

ரொட்டிக்கடைக்காரி பேரு ஸ்தமாத்தா. நல்ல தடிச்ச பொம்பளை, முழங்கை வரைக்கும் மாவு. முதநாள் நான் போயி கண்ணாடிப் பெட்டியைத் தொட்டு விரலால காட்டுதேன், இது ஒண்ணு, அது ஒண்ணுன்னு. உள்ள இருந்து இடுக்கியால கண்ணாடியில டொக்குன்னு ஒரு தட்டு தட்டிட்டு, "தீ?"ன்னா. எங்கயோ நெருப்புப் பிடிச்சிட்டுன்னு திரும்பித் திரும்பிப் பாக்கேன். அப்புறந்தான் தெரியுது, அவ பாஷையில தீன்னா 'என்ன'ன்னு அர்த்தம்.

அவகிட்ட விரலைக் காட்டினா ஒண்ணும் நடக்காது தம்பி. வாயைத் திறந்து கேக்கணும். அவ சொல்லுவா, நான் திருப்பிச் சொல்லணும், சரியா இருந்தாத்தான் ரொட்டி. பின்னால வரிசையில நிக்கிறவனெல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான். எனக்குக் கொடுத்த மரியாதை அது, எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாவல்லா. காலை வணக்கம்னா கலிமேரா. எனக்கு வேணும்னா தா இதெலா. பாருங்க, நம்ம 'தா'தான். ரொட்டி ப்ஸோமி. எள்ளு தூவி வளையம் மாதிரி இருக்கும், அது குலூரி. பாலாடைக்கட்டி வச்சு மடிச்சது தீரோபிதா. கீரை வச்சது ஸ்பனகோபிதா. உள்ள இனிப்புப் பாலைக் காச்சி ஊத்தி மேல சீனி தூவினா புகாட்ஸா. சூடுன்னா ஸெஸ்தோ. ஆமான்னா 'நே', இல்லைன்னா 'ஓகி'. இது ஒண்ணுதான் கொஞ்சம் தலைகீழ், 'நே'ன்னா நம்ம காதுக்கு இங்கிலீஷ் 'நோ' மாதிரி, இல்லைன்னு சொல்லுத மாதிரியே இருக்கும். நான் ஒரு வாரம் வேண்டாம்னு நினைச்சு 'நே, நே'ன்னுட்டு வேண்டாத பண்டத்தையெல்லாம் சுமந்துட்டு வந்து மத்தவனுவகிட்ட ஏச்சு வாங்கினேன்.

ரொட்டியைக் கையில எடுத்ததும் ஒண்ணு கேப்பா. "நா தோ காப்ஸோ?" முத தடவை எம்பேரைக் கேக்கான்னு நினைச்சு, "ஜூலியான்"ன்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டு ரொட்டியைக் கொண்டுபோயி ஒரு மிஷின்ல வச்சா. கரகரகரன்னு ஒரே மாதிரி துண்டு துண்டா வந்து விழுந்துது. அப்ப விளங்கிட்டு. நறுக்கட்டான்னு கேக்கா. அதுக்குப் பெறகு நெதமும் அவ கேக்கதும் நான் "நே"ங்கதும். கடைசியா, "தீபொத்தா அலோ?"ம்பா. வேற என்ன வேணும்னு. நான் போன்ல பேசுத மாதிரி "அலோ அலோ"ன்னுட்டு வருவேன். அதுவும் பின்னால விளங்கிட்டு.

பனி விடுததுக்குள்ள கடைக்குள்ள நான் தடுமாறாத சொல்லு கிடையாதுன்னு ஆயிட்டு. தப்பாச் சொல்லுதேன், தடுமாறுத சொல்லு கிடையாதுன்னு ஆயிட்டு. ஒரு மொழியில நல்லாருக்கியளான்னு கேக்கத் தெரியணும், வேணுங்கதைக் கேக்கத் தெரியணும், வேண்டாங்கதைச் சொல்லத் தெரியணும், நன்றி சொல்லத் தெரியணும். எஃப்கரிஸ்தோ. அவ்வளவுதான தம்பி மொழி? வேற என்ன இருக்கு அதுல?

ஊருக்கு வந்தாச்சு. கிரீக்கு தெரிஞ்சவன்னு பேரு பரவிட்டு. நானாப் பரப்பலை. கேட்டவங்ககிட்டச் சொன்னேன், கேக்காதவங்க வந்து கேட்டாவ. கப்பல் வேலைக்குப் போகணும்னு அலையுத பயலுவ அப்ப ஊரு நிறைய. எங்க தூத்துக்குடி முந்திரி மக்ரூன் தெரியும்லா? அப்பிடி ஒரு மக்ரூன் கடைக்காரரு, எனக்குச் சேக்காளி, கடை மாடியில ஒரு ரூமை விட்டாரு. 'ஸ்போக்கன் கிரீக்'னு போர்டு வச்சேன். தமிழ்ல ஒரு பக்கம், இங்கிலீஷ்ல ஒரு பக்கம். கிரீக்குல ஏன் எழுதலைன்னு ஒரு கோட்டிக்காரன் கேட்டான். எழுத்து எதுக்குவே? ரொட்டி வாங்கப் போறவன் எழுதியா குடுக்கான்?

பாடம் நடத்துத முறையைக் கேளுங்க. ஒரு மேசையைப் போட்டு அந்தப் பக்கம் நான், ஸ்தமாத்தா மாதிரி. இந்தப் பக்கம் பயலுவ வரிசையா. கீழ கடையில இருந்து சரக்கு வரும். முட்டை பப்ஸை வச்சு தீரோபிதா, தேங்கா பன்னை வச்சு புகாட்ஸா. கையில இடுக்கி. விரலைக் காட்டினா டொக்குன்னு ஒரு போடு. என் பயலுவ "தா இதெலா தியோ தீரோபிதேஸ், பரகலோ"ன்னு, ரெண்டு தீரோபிதா குடுங்கன்னு, ஒரே குரல்ல சொன்னா கீழ ரோட்டுல போற ஆளு நின்னு அண்ணாந்து பாப்பான். கடைசிப் பாடம், பையை வாங்கிக்கிட்டு நன்றி சொல்லி வெளிய வந்து கதவைச் சாத்துதது. அதோட கோர்ஸ் முடிஞ்சுது.

அந்த வரிசையிலதான் கஸ்பார் பிரதரும் நின்னாரு. சாமியாருக்குப் படிச்சுக்கிட்டு இருந்த பையன். ஒல்லியா, கண்ணாடி போட்டு, எது சொன்னாலும் தலையை ஆட்டுவாரு. புதிய ஏற்பாட்டை மூலத்துல படிக்கணும்னு ஆசை. நான் மனசாரச் சேத்துக்கிட்டேன். ஆனா அவருகிட்ட ஒரு கெட்ட பழக்கம், வீட்டுல ஒரு பழைய புஸ்தகத்தை வச்சுத் தனியாப் படிப்பாரு. படிச்சிட்டு வந்து வகுப்புல குறுக்குக் கேள்வி.

"சார், ஆதியிலே வாக்கு இருந்ததுன்னு யோவான் எழுதுதாருல்லா. அந்த வாக்குக்கு லோகோஸ்னு போட்டிருக்கு. அதைக் கொஞ்சம் விளக்குங்க."

"பிரதர், நான் அங்க இருந்தவரைக்கும் அந்தக் கடையில அப்பிடி ஒரு அயிட்டம் கிடையாது"ன்னேன்.

உள்ளதைத்தான சொன்னேன்? பயலுவ சிரிக்கானுவ. இன்னொரு நாள், "சார், பரலோக மந்திரத்துல அப்பத்துக்கு ஆர்தோஸ்னு வருது, நீங்க ப்ஸோமின்னு சொல்லிக் குடுத்திய"ன்னாரு. நான் பொறுமையாச் சொன்னேன். "எழுதினவரு பழைய காலத்து ஆளு. அந்தக் காலத்துல அப்பிடி இருந்திருக்கலாம். இப்பப் போயி கடையில ஆர்தோஸ்னு கேட்டா அன்னிக்குப் பட்டினிதான்." பிரதர் தலையை ஆட்டிக்கிட்டாரு. நல்ல பையன், ஆனா புஸ்தகம் கெடுத்துட்டு.

இப்ப விசயத்துக்கு வாரேன்.

ஒரு சாயங்காலம் வகுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்ல இருந்து ஒரு ஆளு மூச்சு வாங்க மாடி ஏறி வாரான். "கிரீக் மாஸ்டர் யாரு? உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க." துறைமுகத்துல நிக்கிற ஒரு கப்பல்ல தலைமை இன்ஜினியரு, கிரீஸ்காரரு, வயசாளி. வயித்து வலியில சுருண்டுட்டாரு. இறக்கி ஆஸ்பத்திரியில சேத்திருக்காவ. நல்லா இங்கிலீஷ் பேசுத மனுசந்தான், ஆனா காய்ச்சல் தலைக்கேறி இங்கிலீஷெல்லாம் அடைச்சுப்போச்சு, கிரீக்குதான் வருது, கப்பல்ல மத்தவனெல்லாம் வேற நாட்டுக்காரன். அப்ப இந்தக் கையில வச்சுத் தேய்க்கிற போனெல்லாம் ஏது? ஊருக்கே நான் ஒருத்தன்தான்.

எம் மாணவனுவ முகத்தைப் பாக்கணுமே தம்பி. எழுந்து நின்னுட்டானுவ. கஸ்பார் பிரதர் நானும் வாரேன்னு கூட ஏறிக்கிட்டாரு. ஜீப்புல முன்சீட்டு எனக்கு.

ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். அங்க டாக்டர் சண்முகவடிவுன்னு ஒரு அம்மா, அறுவைச் சிகிச்சையில கெட்டிக்காரி, பேச்சும் கத்தி மாதிரி. கூட கன்னியாஸ்திரி நர்ஸ் ஒருத்தி, எமரன்சியா சிஸ்டர். கட்டில்ல அந்த மனுசன், லெஃப்தேரிஸ்னு பேரு, வெள்ளை மீசை, வேர்வையில நனைஞ்சு முழங்காலை மடக்கிக்கிட்டுக் கிடக்காரு.

நான் பக்கத்துல போயி, "கலிமேரா"ன்னேன்.

"சார், பொழுது சாஞ்சிட்டே"ன்னு பிரதர் காதுல சொல்லுதாரு. நான் எப்பவும் காலையிலதான கடைக்குப் போவேன், வேற என்ன சொல்ல?

ஆனா அந்த ஒரு சொல்லுக்கு அவரு கண்ணைத் திறந்தாரு பாருங்க! எங் கையைப் பிடிச்சுக்கிட்டு மடைதிறந்த மாதிரி பேசுதாரு. பேசுதாரு, பேசுதாரு, நிறுத்தவே இல்லை. நானும் "நே, நே"ன்னு கேட்டுக்கிட்டே நிக்கேன். அதுல ஒரு இடத்துல "ஏனா"ன்னு ஒண்ணு விழுந்துது. ஏனான்னா ஒண்ணு.

"என்ன சொல்றாரு?"ன்னு டாக்டரம்மா கேட்டாவ.

"ஒண்ணுங்குதாரு."

"ஒரு நாளா வலிக்குதாமா?"

"ஆமா"ன்னேன். அப்பிடித்தான இருக்கும்?

எமரன்சியா சிஸ்டர், "கப்பல்ல இருந்து வந்த தாள்ல மூணு நாளுன்னு போட்டிருக்கே டாக்டர்"னாவ. நான் சொன்னேன், "சிஸ்டர், கப்பல் தாளை நம்பாதிய. என் கப்பல்மேல ஒட்டின தாளைப் பாத்தவன் நான்."

லெஃப்தேரிஸ் அதுக்குள்ள வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "பொனாய், பொனாய்"ங்குதாரு. அந்தச் சொல்லு நம்ம கோர்ஸ்ல கிடையாது. ஆனா வாத்தியாருக்கு ஒரு ஊகம் வேணும்லா? "யாரோ விட்டுட்டுப் போயிட்டாவன்னு வருத்தப்படுதாரு டாக்டர். பொண்டாட்டியா இருக்கும்"னேன்.

பிரதர் எஞ் சட்டையை இழுக்காரு. "சார், வலிக்குதுன்னு சொல்லுதாரோ?"

"பிரதர், நீங்க இன்னும் புகாட்ஸாவையே தாண்டலை"ன்னு அடக்கிட்டேன்.

அடுத்தாப்ல நானே ஒரு கேள்வி கேட்டேன். நெத்தியைத் தொட்டுக் காட்டி, "ஸெஸ்தோ?"ன்னேன். அவரு, "ஸெஸ்தோ, ஸெஸ்தோ"ன்னாரு. "டாக்டர், உடம்பு சூடா இருக்காம்"னு சொன்னேன். டாக்டரம்மா சுவருல இருந்த காய்ச்சல் சார்ட்டைப் பாத்தாவ. அசந்துட்டாவன்னு நினைக்கேன்.

அப்பறம் டாக்டரம்மா நேரா எங்கிட்டத் திரும்பினாவ. "இங்க பாருங்க. எனக்கு இது குடல்வாலு மாதிரிதான் தெரியுது. வெடிச்சிருந்தா நேரம் கிடையாது. வயித்தைத் திறக்கணும். அவருக்குச் சொந்தம்னு இங்க யாரும் இல்லை, நினைவோட இருக்காரு, அவரு சம்மதம் வேணும். ஆபரேஷனுக்குச் சம்மதமான்னு கேளுங்க."

ஆபரேஷன்னா என்ன? அறுக்கது. அறுக்கதுக்கு எங்கிட்டச் சொல்லு இருக்கு. ஒரு குளிர்காலம் முழுக்க நெதமும் கேட்ட சொல்லு. நான் நல்லா நிமிந்து நின்னு, அவரு வயித்தைக் காட்டி, தெளிவா, ஸ்தமாத்தா கேக்க மாதிரியே கேட்டேன்.

"நா தோ காப்ஸோ?"

அந்த மனுசன் அசையாம என்னைப் பாக்காரு. "தீ?"ன்னாரு.

சரி, விளங்கலைன்னு, மிஷின்ல வச்ச மாதிரி கையால ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் வரைக்கும் கரகரகரன்னு செஞ்சு காட்டி, இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேட்டேன். "நா தோ காப்ஸோ?"

"ஓகி! ஓகி! பனயீயா மூ!" மாதாவைக் கூப்பிட்டு அலறிட்டாரு தம்பி. கையில ஏறிக்கிட்டு இருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிட்டு கட்டிலை விட்டு இறங்கப் பாக்காரு. சிஸ்டரும் பிரதரும் பாஞ்சு பிடிச்சாவ. நான் பதறலை. பதறுத ஆளுகிட்ட நைச்சியமாப் பேசணும்னு, "தீபொத்தா அலோ?"ன்னு சிரிச்ச முகமாக் கேட்டேன்.

"என்ன சொல்றாரு?"ன்னு டாக்டரம்மா.

"வேண்டாங்குதாரு."

"ஏன் வேண்டாமாம்?"

கடையில நறுக்க வேண்டாம்னா என்ன அர்த்தம் தம்பி? அதைத்தான் நான் சொன்னேன். "முழுசா வேணுமாம்."

டாக்டரம்மா எங்கிட்ட வந்தாவ. "நீங்க அவருகிட்ட என்ன கேட்டீங்க? சரியா, வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

"நறுக்கட்டான்னு கேட்டேன்."

எமரன்சியா சிஸ்டர் வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினாவ. அந்தச் சிஸ்டர்தான் தம்பி, ஊரெல்லாம் பரப்பினது. ஜெபம் பண்ணுத வாயி.

அப்ப டாக்டரம்மா என்ன செஞ்சாவ, ஒரு தாளை எடுத்து வயிறு மாதிரி வரைஞ்சு, ஓரத்துல சின்னதா ஒரு கோடு போட்டு, பக்கத்துல தையல் போட்ட மாதிரி கீறி அவருகிட்டக் காட்டினாவ. அவரு அதைப் பாக்கவே மாட்டேங்காரு. கண்ணு என் கையிலயே இருக்கு. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னாவ எங்கிட்ட. வாத்தியாரைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மாணவனை முன்னால விடுதாவ. பிரதர் கட்டில் ஓரத்துல முழங்கால் போட்டு, அந்த மனுசன் கையைப் பிடிச்சுக்கிட்டு, புஸ்தகத்துல மனப்பாடம் பண்ணினதை ஆரம்பிச்சாரு. பரலோக மந்திரம். "பாத்தெர் ஹேமோன்..."

உச்சரிப்பு தப்பு. சுத்தத் தப்பு. அந்த லெஃப்தேரிஸே திருத்துதாரு, "பாத்தெர் இமோன்"ன்னு. மூச்சு வாங்க வாங்கத் திருத்துதாரு. பிரதர் திருத்திச் சொன்னாரு. அப்பிடியே ரெண்டு பேரும் சேந்து சொல்ல ஆரம்பிச்சாவ. அவரு உடம்பு நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குது. அப்பத்தைக் குடும்னு வருத இடத்துல ரெண்டு பேரும் "ஆர்தோன்"ன்னாவ, பிரதர் சொன்ன அதே ஆர்தோஸ்தான். எனக்குப் பொறுக்கலை. தள்ளி நின்ன இடத்துல இருந்தே, "ப்ஸோமி!"ன்னேன்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே. சரி, விடுங்க.

மந்திரம் முடிஞ்சு அவரு சிலுவை போட்டுக்கிட்டாரு. டாக்டரம்மா அந்தப் படத்தை மறுபடி காட்டினாவ. அவரு படத்தைப் பாத்தாரு, டாக்டரம்மா முகத்தைப் பாத்தாரு, தலையைச் சாய்ச்சு மெதுவா, "நே"ன்னாரு.

டாக்டரம்மா முகம் விழுந்துட்டு. "மாட்டேங்கிறாரே"ன்னு பேனாவை மூடிட்டாவ. பிரதரும் முழிக்காரு. நான் சொல்லிக் குடுத்ததை நம்பாம, அவரு புஸ்தகத்துல அது 'நாய்'னு போட்டிருக்காம், இது வேற சொல்லோன்னு நினைச்சிட்டாராம்.

அங்கதான் தம்பி நான் கத்தினேன். "டாக்டர், அது ஆமா! நே-ன்னா ஆமா! சத்தியமா ஆமா! ஒரு வாரம் அதுக்கு நான் ஏச்சு வாங்கியிருக்கேன்!"

டாக்டரம்மா அந்த மனுசன் முகத்தைப் பாத்தாவ. அவரு பேனாவுக்குக் கையை நீட்டுதாரு. கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்பிடியே தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டாவ.

குடல்வாலு வெடிச்சுத்தான் இருந்துது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஆளு இல்லைன்னு டாக்டரம்மாவே சொன்னாவ. அப்ப காப்பாத்தினது யாரு? படம் வரைஞ்ச டாக்டரம்மாங்காவ, மந்திரம் சொன்ன பிரதர்ங்காவ. அந்த 'நே'க்கு அர்த்தம் சொன்ன என்னை ஒருத்தன் சொல்லணுமே! அந்த ஒரு சொல்லு எங்கிட்ட இல்லாம இருந்திருந்தா? இதைக் கேட்டா ஊருல எல்லாவனும், "ஆமா மாஸ்டர், வாஸ்தவம்"னுட்டு, அடுத்த நிமிசம் "நறுக்கட்டா"ங்கான்.

காய்ச்சல் இறங்கினதும் லெஃப்தேரிசுக்கு இங்கிலீஷ் திரும்பி வந்துட்டு. வந்த இங்கிலீஷை வச்சு என்ன பேசினாருங்கீங்க? கண்ணைத் திறந்தா ஒருத்தன் பக்கத்துல நின்னு காலை வணக்கம்னான், உன்னைத் துண்டு போடட்டான்னு கேட்டான், கையால போட்டும் காட்டினான், வேண்டாம்னு கதறினா வேற என்ன வேணும்னு சிரிச்சான், செத்து வேற எங்கயோ வந்துட்டேன்னு நினைச்சேன்னு, நர்ஸுமாருகிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாராம். தையல் போட்ட வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாராம். அவரு ஏதோ தீவுக்காரராம் தம்பி. தீவுல பேசுதது வேற மாதிரி இருக்கும். நம்மளது தலைநகரத்துக் கிரீக்கு, அவருக்கு எப்பிடி விளங்கும்?

அவரைக் கப்பல் கம்பெனி விமானத்துல அனுப்புததுக்கு முந்தின நாள், என்னைப் பாக்கணும்னு சொன்னதா ஆளு வந்துது. நான் மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா இருந்தாவ, எமரன்சியா சிஸ்டர் வாயை இறுக்கிக்கிட்டு நின்னாவ. லெஃப்தேரிஸ் கட்டில்ல எழுந்து உக்காந்து, எந் தோளு ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு, எங் கண்ணைப் பாத்து கிரீக்குலயே ஒண்ணு சொன்னாரு. நீளமா, மெதுவா. கண்ணு கலங்கியிருந்துது. சிரிப்புலயா, வேற எதுலயான்னு எனக்குத் தெரியலை.

"என்ன சொல்றாரு மாஸ்டர்?"ன்னு டாக்டரம்மா கேட்டாவ.

"இந்த நாட்டுல உன்னை மாதிரி கிரீக்குப் பேசுத ஆளு கிடையாதுங்குதாரு"ன்னேன்.

"அது உண்மைதான்"னாவ டாக்டரம்மா. அவங்க படிச்சவங்க, ஒத்துக்கிட்டாவ.

அதுக்குப் பெறகு வகுப்பு நிலைக்கலை. ஒரு பயல் எழுந்து, "சார், வலிக்குதுன்னா கிரீக்குல என்ன?"ன்னு கேக்கான். ரொட்டிக்கடையில எதுக்குலே வலிக்கும்? இன்னொருத்தன், அம்மான்னா என்னங்கான், வீடுன்னா என்னங்கான். பொறாமைக்காரன் எவனோ கிளப்பிவிட்டிருக்கான். ஒவ்வொருத்தனாக் கழண்டுட்டானுவ. கடைசியில மக்ரூன்கார சேக்காளி, "மைதா மூட்டை அடுக்கணும் ஜூலியான், கோவிச்சுக்கிடாத"ன்னுட்டாரு. போர்டைக் கழட்டி வீட்டுல பழைய கட்டிலுக்கு அடியில போட்டேன். பெறகு துறைமுகத்துல ஏதோ ஒரு சோலி, அதுலயே காலம் போயிட்டு.

கஸ்பார் பிரதர் மட்டும் கடைசி நாள் வரைக்கும் வந்தாரு. நானும் அவருமா மேசைக்கு ரெண்டு பக்கம். அவரு "தா இதெலா மியா புகாட்ஸா, பரகலோ"ன்னு கேப்பாரு, நான் எடுத்துக் குடுப்பேன். பின்னால அவரு ரோமாபுரிக்குப் போயி வருசக்கணக்குல கிரீக்கெல்லாம் முறையாப் படிச்சிட்டு, இப்ப எங்க கோயில் பங்குக்கே சாமியாரா வந்திருக்காரு. இன்னமும் என்னைப் பாத்தா மாஸ்டர்னுதான் கூப்பிடுவாரு. நறுக்கட்டான்னு ஒருநாளும் சொன்னது இல்லை.

போன வாரம் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நிக்கேன். சாமியார் பக்கத்துல வந்து, "மாஸ்டர், ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அந்த லெஃப்தேரிஸ் கடைசியா உங்ககிட்ட ஒண்ணு சொன்னாராம்லா, எமரன்சியா சிஸ்டர் சொன்னாவ. நான் அன்னிக்கு இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க, என்னன்னு பாப்போம்"னாரு.

"மறந்துபோச்சு சாமி"ன்னுட்டேன்.

மறக்குமா தம்பி? ஒரு அட்சரம் மறக்கலை. காலையில சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பாத்து ஒரு தடவை சொல்லிக்கிடுவேன், முதல்ல இருந்து கடைசி வரைக்கும். அதுல ரொட்டிக்கடைச் சொல்லு ஒண்ணுகூடக் கிடையாது. எஃப்கரிஸ்தோவும் கிடையாது. அது எனக்குத் தெரிஞ்ச சொல்லு, இருந்திருந்தா பிடிபட்டிருக்கும்.

சாமியாருகிட்டக் கேட்டுற வேண்டியதுதானன்னு எம் மகளும் சொல்லுதா. கேக்கலாம். நல்ல மனுசன், நம்மளை மதிக்கிற மனுசன், ஆனா உள்ளதை மாத்திச் சொல்லத் தெரியாது. கேட்டா சொல்லிருவாரே தம்பி.